நீர் அளவுக்குள் இருந்தால் மீனின் டி.என்.ஏ.யும் நலமா? கொட்டியாரக் குடாவை முன்வைத்து ஒரு விவாத இழை

கேள்வி: மூதூர் வாசகர், 2024 மார்ச் 3

பார உலோகம், பீடைநாசினி, எண்ணெய் ஆகியவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகள் உண்டு. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவைப் போன்ற ஒரு நீர்நிலையின் மாதிரியில் இவை யாவும் அந்த அளவுக்குள் இருந்தால், அங்கு வாழும் மீனின் டி.என்.ஏ.க்குப் பாதிப்பில்லை என்றுதானே கொள்ள வேண்டும்? அப்படியிருக்க, உயிருள்ள மீனைப் பிடித்து அதன் குருதியைச் சோதிப்பது வீண் செலவு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும்.

2024 மார்ச் 4

காரணத்தோடு மறுக்கிறேன். நீர் மாதிரி என்பது போத்தலை நிரப்பிய நேரத்தின் செய்தி மட்டுமே. மீன் அந்த நீரில் இரவும் பகலும் கிடக்கிறது. வெள்ளம் வடிந்த வாரத்திலும் கிடந்தது, வயலுக்கு மருந்தடித்த வாரத்திலும் கிடந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு ஒவ்வோர் இரசாயனத்துக்கும் தனித்தனியே வகுக்கப்பட்டது. குடாவிலோ அவை கலந்தே இருக்கின்றன. தனித்தனியே அளவுக்குள் நிற்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதை அந்த அட்டவணையிலிருந்து அறிய முடியாது.

இதைவிட முக்கியமான காரணம் ஈரலில் இருக்கிறது. எரிபொருள் முழுமையாக எரியாதபோது வெளிப்படும் பென்சோபைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாகப் போய் டி.என்.ஏ.யோடு ஒட்டுவதில்லை. உடலுக்குள் சென்றதும், அதை நீரில் கரையக்கூடியதாக்கி வெளியேற்றுவதற்காக ஈரலின் நொதியங்கள் அதனோடு ஒட்சிசனைச் சேர்க்கின்றன; அந்த வேலையின் நடுவில் உருவாகும் டயோல் எபொக்சைட்டு என்னும் விளைபொருள்தான் டி.என்.ஏ.யின் எழுத்துகளில் ஒன்றான குவானீனைப் பற்றிக்கொண்டு, உயிர்க்கலம் பிரியும்போது அதன் பிரதியில் பிழை நேரக் காரணமாகிறது. ஆகவே டி.என்.ஏ.யைத் தாக்கும் பொருள் மீனின் உடலுக்குள்ளேயே தயாராகிறது. நீர்ப் போத்தலில் அதைத் தேடிக் கிடைக்காது. மேலும், இவ்வகைப் பல்வளைய ஐதரோகாபன்கள் நீரில் எளிதில் கரையாமல் சேற்றோடு ஒட்டிக்கொள்பவை. மேல்நீரை அள்ளிச் சோதித்தவருக்கு அவை அகப்படாமல் போகலாம். சேற்றைக் கிளறி உண்ணும் மணலை மீனுக்கும் கெளுத்திக்கும் அவை நாள்தோறும் அகப்படுகின்றன.

2024 மார்ச் 4, இரவு

மேலே நான் எழுதியதை வாசிப்பவர், சேதமே இல்லாத டி.என்.ஏ. என்று ஒன்று எங்கோ இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. எந்த மாசும் இல்லாமலே மனிதக் கலம் ஒன்றின் டி.என்.ஏ. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 பியூரீன் மூலங்களை (குவானீன், அடெனீன் என்னும் எழுத்துகளை)த் தானாக இழக்கிறது. கலம் அவற்றைத் தேடித் திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்த வேலை எப்படி நடக்கிறது என்பதை விளக்கியதற்காகவே தோமஸ் லின்டால், போல் மொட்ரிச், அசிஸ் சன்கார் ஆகிய மூவருக்கும் 2015 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மீனில் சேதம் உண்டா என்பதாக இருக்க முடியாது. எந்த இடத்து மீனைவிட இங்கே கூடுதலாக உண்டு, எந்த மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக உண்டு என்று கேட்க வேண்டும். ஒப்பிட ஒன்றில்லாத அளவீடு பயன்படாது.

2024 மார்ச் 9

நிலாவெளியிலிருந்து உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர், பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய முறை ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு, மகள். உங்கள் ஊர் மணலில் விளையும் வெங்காயமே போதும். 1938 இல் லெவான் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர், கொல்கிசின் என்னும் பொருள் வெங்காய வேர்க்கலங்களில் டி.என்.ஏ.யைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை என்ன செய்கிறது என்று பார்த்தார்; 1985 இல் அதே நாட்டைச் சேர்ந்த ஃபிஸ்கெஸ்யோ அதைச் சூழல் கண்காணிப்புக்கு உகந்த ஒழுங்கான முறையாக வகுத்தார். வெங்காயத்தின் நிறமூர்த்தங்கள் 16 மட்டுமே, பெரியவை, சாதாரண நுணுக்குக்காட்டியில் துலக்கமாகத் தெரிபவை.

பழைய வேரை அகற்றி, குமிழின் அடிப்பாகம் நீரைத் தொடும்படி வைத்தால் இரண்டு மூன்று நாளில் புது வேர் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இறங்கும். பின்னர் அதைச் சோதிக்க வேண்டிய நீரில் ஒரு நாள் வைக்க வேண்டும். மூன்று பங்கு எதனோலும் ஒரு பங்கு அசற்றிக்கமிலமும் கலந்த திரவத்தில் வேர் நுனிகளைப் பதப்படுத்தி, ஐதரோகுளோரிக்கமிலத்தில் சூடாக்கி மென்மையாக்கி, ஓர்சீன் சாயமூட்டி, மூடுவழுக்கியின் கீழ் நசுக்கிப் பார்க்க வேண்டும். பிரியும் கலங்களில் இரு முனைகளுக்கும் இடையே பாலம்போல் இழுபட்டு நிற்கும் நிறமூர்த்தம், பின்தங்கிய நிறமூர்த்தம், எங்கும் சேராத துண்டு, கருவுக்கு வெளியே கிடக்கும் நுண்கரு ஆகியவற்றை எண்ணுங்கள். பிரியும் கலங்களின் விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது வெகுவாக வீழ்ந்திருந்தால் நீர் கலத்தைக் கொல்லும் நஞ்சாக இருக்கிறது, அங்கே டி.என்.ஏ. சேதத்தைப் பற்றிப் பேச இடமில்லை.

வெங்காயத்தைக் கடையில் வாங்காதீர்கள். முளைவிடுவதைத் தடுக்க உலகின் பல பகுதிகளில் வெங்காயப் பயிருக்குத் தெளிக்கப்படும் மலெயிக் ஐதரசைட்டு, தாவர நிறமூர்த்தங்களை உடைக்கும் பொருள். ஆய்வுகூடங்களில் சேதம் உண்டாக்கிக் காட்டுவதற்கென்றே அதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பம்பாய் வெங்காயத்தை வைத்துத் தொடங்கினால், உங்கள் ஒப்பீட்டு மாதிரியே பழுதாகலாம். தோட்டத்திலிருந்து நேரே எடுத்த சின்ன வெங்காயத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது விதையின்றிக் குமிழ் நட்டே பெருக்கப்படுவதால் ஒரு வரிசையில் விளைந்தவை மரபால் ஏறத்தாழ ஒன்றே. குமிழுக்குக் குமிழ் உள்ள வேறுபாடு முடிவைக் குழப்புவது குறையும். ஒப்பீட்டு நீராகக் குழாய் நீரை எடுப்பதானால் குளோரீன் அகலும்வரை திறந்துவைத்த பின்னரே எடுங்கள்.

2024 மார்ச் 10

நேற்றைய குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெங்காய முறை நன்னீருக்கே உரியது. தம்பலகாமத்து வயல் வடிகால், கந்தளாய்ப் பக்கத்து வாய்க்கால், கிணறு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். குடாவின் உவர்நீரில் வைத்தால் உப்பே வேரை ஒடுக்கிவிடும். அதை மாசின் வேலை என்று எழுதிவிடக் கூடாது. இழையைத் தொடங்கிய மூதூர் ஐயாவின் கேள்வி கடலைப் பற்றியது. அதற்கு அந்த நீரிலேயே வாழும் உயிரைத்தான் கேட்க வேண்டும்.

2024 மார்ச் 17

மூதூர் ஐயா வீண் செலவு என்ற மீன் குருதிச் சோதனைக்கு இப்போது வருகிறேன். மனிதனின் செங்குருதிக் கலத்தில் கரு இல்லை. மீனின் செங்குருதிக் கலத்தில் உண்டு. இந்த ஒரு வேறுபாடு நமக்குப் பெரும் வசதி. வாலடி நாளத்திலிருந்து ஒரு துளி குருதியை மென்மையான ஊசியால் எடுத்து, வழுக்கியில் மெல்லிய படலமாக இழுத்து, உலர்த்தி, மெதனோலில் பதப்படுத்தி, கீம்சா சாயமிட்டால் ஆயிரக்கணக்கான கலங்கள் ஒரே வழுக்கியில் கிடைக்கின்றன. 1982 இல் ஹூஃப்ட்மனும் டி ராட்டும் சிறு நன்னீர் மீன் ஒன்றை எதைல் மெதேன்சல்பனேற்று கலந்த நீரில் வைத்து, அதன் செங்குருதிக் கலங்களில் நுண்கருக்கள் பெருகுவதைக் காட்டினார்கள். அதன் பின்னர் இம்முறை பல நாடுகளின் ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் பரவியது.

நுண்கரு எப்படித் தோன்றுகிறது? நிறமூர்த்தம் உடைந்து, அதை முனைக்கு இழுக்கும் கதிர்நார் பற்றிக்கொள்ளும் இடத்தை இழந்த துண்டு, கலம் பிரியும்போது எந்த முனைக்கும் இழுக்கப்படாமல் நடுவில் தங்கிவிடும். அந்தக் கதிர்நார்களையே குழப்பும் பொருளாக இருந்தால் முழு நிறமூர்த்தமும் அப்படித் தங்கிவிடலாம். புதிய கரு தனக்குச் சவ்வைக் கட்டும்போது இந்தத் துண்டும் தனக்கொரு சவ்வைக் கட்டிக்கொண்டு, பெரிய கருவின் பக்கத்தில் சிறு வட்டமாக நிற்கிறது. பிரிவு நடந்தால்தான் நுண்கரு தோன்றும்; குருதி தோன்றும் சிறுநீரகப் பகுதியில் பிரிந்த கலம் முதிர்ந்து குருதிக்குள் வரச் சில நாள்கள் ஆகும். ஆகவே இன்று காலை எண்ணெய் கொட்டிய இடத்தில் இன்று மாலை பிடித்த மீனில் நுண்கருவைத் தேடுவது பயன் தராது.

எண்ணுவது பொறுமையைக் கோரும் வேலை. மாசற்ற இடத்து மீனில் ஆயிரம் கலத்துக்கு ஒன்று இருப்பதே அரிது. அதனால் நூறு இருநூறு கலங்களைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது; ஒரு மீனுக்குச் சில ஆயிரம் கலங்கள் வேண்டும், ஓர் இடத்துக்குப் பல மீன்கள் வேண்டும். எந்த வழுக்கி எந்த இடத்தினுடையது என்பது எண்ணுபவருக்குத் தெரியாதபடி, வேறொருவர் குறியெண் இட்டுக் கொடுக்க வேண்டும். மாணவரோடு சேர்ந்து எண்ணிய அனுபவத்தில் இதை அழுத்திச் சொல்கிறேன்: துறைமுகத்து மீன் என்று அறிந்த கண், சாயத்தின் துகளையும் நுண்கருவாகக் காணத் தொடங்குகிறது. நேர்மையானவர்களின் கண்ணும் அப்படியே.

2024 மார்ச் 20

சாயத் துகளை எப்படிப் பிரித்தறிவது என்று கிண்ணியாச் சகோதரர் கேட்கிறார். நுண்கருவின் விட்டம் பெரிய கருவின் மூன்றிலொன்றுக்கு மேற்படாது. இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே குவியத்தில் தெரியும். நுண்கரு தனித்து நிற்கும், கருவோடு தொடுத்திராது. குவியத்தை மாற்றும்போது தனியாக மினுங்கினால் அது துகள். கருவிலிருந்து மொட்டுப்போல் புடைத்தவையும் நடுவில் வெட்டுண்டவையும் வேறு பிரிவாக எழுதப்பட வேண்டும். அவற்றை நுண்கருக் கணக்கில் சேர்த்தால் வேறு ஆய்வுகளோடு ஒப்பிட இயலாமல் போகும்.

2024 ஏப்ரல் 2

டி.என்.ஏ. இழைகளின் உடைவை அளக்கும் வால்வெள்ளிச் சோதனையைப் (comet assay) பற்றி இருவர் தனிப்பட எழுதிக் கேட்டதால், பொதுவிலேயே எழுதுகிறேன். கலங்களை அகரோஸ் கூழில் கலந்து வழுக்கியில் பரப்பி, செறிந்த உப்பும் சவர்க்காரத்தன்மையான பொருளும் உள்ள கரைசலில் அமிழ்த்தினால், சவ்வும் புரதமும் கரைந்து டி.என்.ஏ. மட்டும் கூழுக்குள் எஞ்சும். பின்னர் பீ.எச். 13 இற்கு மேற்பட்ட காரக் கரைசலில் இழைகளைப் பிரியவிட்டு, மின்புலத்தில் ஓடவிட வேண்டும். முழுமையாக உள்ள டி.என்.ஏ. தலையாக ஓரிடத்தில் நிற்கும்; உடைந்த இழைகள் நேர்முனையை நோக்கி நகர்ந்து வாலாக நீளும். வாலில் உள்ள டி.என்.ஏ.யின் சதவீதமே சேதத்தின் அளவு. ஓஸ்ட்லிங்கும் யோஹன்சனும் 1984 இல் இதன் முதல் வடிவத்தைத் தந்தார்கள். இன்று எங்கும் வழக்கிலுள்ள கார வடிவம் 1988 இல் சிங் குழுவினரிடமிருந்து வந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 2014 இல் விலங்குகளுக்கான சோதனை நெறியாக, 489 என்ற இலக்கத்தில், இதை ஏற்றுக்கொண்டது.

இதன் பெரும் நன்மை, கலம் பிரியத் தேவையில்லை என்பதே. செவுள், ஈரல், குருதி என எந்த உறுப்பின் கலமும் ஆகும். ஒட்சியேற்றத்தால் பழுதான குவானீனை வெட்டும் எஃப்.பி.ஜி. என்ற நொதியத்தை இடையில் சேர்த்தால், உடையாமல் பழுதடைந்து நிற்கும் இடங்களும் உடைவாக மாறி வாலில் தெரியும். பார உலோகங்கள் ஒட்சியேற்ற வழியிலேயே டி.என்.ஏ.யைத் தாக்குவது பெரும்பாலும் நிகழ்வதால், இந்தச் சேர்க்கை நமக்கு மிகவும் தேவை.

நம் ஊரில் இதைச் செய்வோர் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். திருகோணமலையின் சித்திரை வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில், குறைந்த வெப்பத்தில் உருகும் கூழ் இறுகுவதற்கு நேரமெடுக்கும். வழுக்கியிலிருந்து வழுகிப் போவதும் உண்டு. வழுக்கியைக் குளிர்ந்த உலோகத் தட்டில் வைத்தே இறுகவிட வேண்டும். கலத்தைக் கையாளும் இடத்தில் நேர்வெயில் வரக் கூடாது. வெயிலின் புறவூதாக்கதிர் தானே டி.என்.ஏ.யை உடைத்துவிடும். சந்தையில் வாங்கிய மீன் இதற்கு உதவாது. இறந்த கலத்தின் டி.என்.ஏ. தானாகவே துண்டு துண்டாகித் தலையே இல்லாத பெரும் வாலாகத் தெரியும். அதைப் பார்த்து மாசு என்று எழுதுவது அந்த நீருக்கும் அங்கே தொழில் செய்யும் மக்களுக்கும் இழைக்கும் அநீதி.

2024 ஏப்ரல் 5

வால் நீளவில்லை என்றால் சேதமில்லை என்று கொள்ளலாமா என்பது நல்ல கேள்வி. கொள்ள முடியாது. ஃபோமல்டிகைட்டுப் போன்ற சில பொருள்கள் டி.என்.ஏ.யைப் புரதத்தோடு பிணைத்துவிடும். பிணைந்த இழை மின்புலத்தில் ஓடாது, ஆகவே வால் குறையும். அத்தகைய பொருளை ஐயுற்றால், மாதிரியை அறிந்த அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, வர வேண்டிய வால் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம்.

இரண்டு முறைகளையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் காலம். வால்வெள்ளிச் சோதனையில் தெரியும் உடைவுகளில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் திருத்தப்பட்டுவிடும். அது இன்றைய நிலையைக் காட்டுகிறது. நுண்கரு திருத்தப்படாமல் போனதன் தடம். அந்தக் கலம் இருக்கும்வரை இருக்கும். வால் நீண்டு நுண்கரு கூடாதிருந்தால், மாசு அண்மையில் வந்தது அல்லது கலம் அதைச் சமாளிக்கிறது. நுண்கரு கூடி வால் இயல்பாக இருந்தால், மாசு வந்துபோய்ச் சில நாள்களாகியிருக்கலாம். இரண்டும் கூடியிருந்தால் அந்த இடத்தில் மாசு தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்று ஐயுற நியாயம் உண்டு. எந்த நிலையிலும், எந்தப் பொருள் செய்தது என்பதை இவை சொல்லா. அதற்கு இரசாயனப் பகுப்பாய்வு வேண்டும். மூதூர் ஐயா வீண் செலவு என்றது மீன் சோதனையை. அதைச் செய்யாமல் விட்டால் நீர் அறிக்கைக்கு விளக்கம் கிடையாது, நீர் அறிக்கை இல்லாமல் மீன் சோதனைக்குக் காரணம் கிடையாது.

2024 ஏப்ரல் 21

ஒப்பீட்டு இடத்தை எங்கே தேர்வது என்ற விவாதம் சூடாக நடந்திருக்கிறது. உள்துறைமுகம், சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களை அண்டிய கரை, படகுகள் கட்டும் கிண்ணியாத் துறை, மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கலக்கும் மூதூர்ப் பக்கம் ஆகியவற்றைச் சோதனை இடங்களாகச் சொன்னவர்களின் தெரிவு சரி. இவற்றில் எதையும் நான் குற்றஞ்சாட்டவில்லை. அளக்காமல் குற்றஞ்சாட்டுவது இந்த இழையின் நோக்கத்துக்கே மாறானது.

வடக்கே புல்மோட்டைக் கரையைத் தூய ஒப்பீட்டிடமாக எடுக்கலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்க இயலாது. அந்த மணலில் இல்மனைற்று, ரூற்றைல், சிர்கோன் ஆகியவற்றோடு தோரியம் கொண்ட மொனசைற்றும் உண்டு. கதிர்வீச்சும் டி.என்.ஏ.யை உடைக்கும் காரணியே. அங்கே இயற்கைக் கதிர்வீச்சை அளக்காமல் அதைத் தூய்மையின் அடையாளமாக வைக்கக் கூடாது.

உப்புத்தன்மை, வெப்பம் இரண்டும் கலத்தின் நிலையை மாற்றுவன. மாரியில் மகாவலி பெருகி நீர் தெளிவிழந்து கிடக்கும்போது மூதூரில் பிடித்த மீனையும், வைகாசி வெயிலில் உப்புவெளியில் பிடித்த மீனையும் ஒப்பிட்டு எதையும் சொல்ல முடியாது. ஒரே இனம், ஏறத்தாழ ஒரே நீளம், ஒரே வாரம், இயன்றவரை ஒரே உப்புத்தன்மை. பெரும்போகத்துக்கு மருந்தடிக்கும் காலத்திலும் சிறுபோகத்தின் முடிவிலும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

மீன் நீந்திப் போய்விடுமே என்று கேட்டவருக்கு: ஆம், அது உண்மையான குறை. அதனால்தான் 1975 இல் எட்வர்ட் கோல்ட்பேர்க், இடம்விட்டு நகராத சிப்பியினங்களை உலகக் கரைகளின் காவலராக வைக்கும் திட்டத்தை முன்வைத்தார். தம்பலகாமக் குடாவில் முத்துக்காக முன்னர் குத்தகைக்கு விடப்பட்ட கண்ணாடிச் சிப்பி நம்மிடம் இருக்கிறது. சேற்றின் மேல் கிடந்து நீரை வடித்து உண்பதால், நீரோடு வருவதும் சேற்றோடு கிளம்புவதும் அதன் செவுளைக் கடந்தே போகும். அதன் மூடு தசையிலிருந்து ஊசியால் எடுக்கும் உடற்திரவத்தின் கலங்களை வால்வெள்ளிச் சோதனைக்கு எடுக்கலாம். சிப்பியைக் கொல்ல வேண்டியதில்லை.

2024 மே 5

தன் தந்தை நீண்ட காலம் வயலுக்கு மருந்தடித்தவர் என்றும், அவரைச் சோதிக்கலாமா என்றும் சேருவிலப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். மனிதருக்கும் முறை உண்டு. கன்னத்தின் உட்புறத்தை மென்தூரிகையால் துடைத்து எடுத்த கலங்களில் நுண்கருவை எண்ணலாம். ஊசியோ குருதியோ வேண்டாம். ஆனால் தம்பி, அந்த எண் உங்கள் அப்பாவைப் பற்றி எதையும் தீர்மானிக்காது. 2007 இல் பொனாசி குழுவினர் பல நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, குருதி வெண்கலங்களில் நுண்கரு கூடிய குழுவினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடியிருந்தது. அது குழுவுக்கான செய்தி. வெற்றிலை, புகையிலை, வயது, உணவு யாவும் அந்த எண்ணை மாற்றும். ஒருவரைத் தனியே எண்ணி, தாளை அவர் கையில் கொடுப்பது அச்சத்தைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். மருந்தடிக்கும் போது முகமூடியும் கையுறையும் அணிவதற்கு எந்தச் சோதனையின் முடிவும் வரக் காத்திருக்க வேண்டாம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

2024 மே 20

2021 இல் இதே நாளில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. நைத்திரிக்கமிலமும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும், எரிந்தவற்றின் கரியும் மேற்குக் கரைக்கு வந்தன. எரிந்த பிளாஸ்ரிக்கில் பல்வளைய ஐதரோகாபன்கள் இருக்கும் என்பதால் டி.என்.ஏ. சேதத்தைத் தேடுவது இயல்பான அடுத்த படி. அப்போது முதலில் எழும் கேள்வி: கப்பல் எரிவதற்கு முன் அந்தக் கரையின் மீனில் எவ்வளவு இருந்தது?

கொட்டியாரக் குடாவைப் பற்றி நான் இத்தனை எழுதுவதன் காரணம் இதுதான். இது உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. எண்ணெய்க் குதங்களும் தொழிற்சாலைகளும் கப்பல்களும் கரையில் இருக்கின்றன. இன்னும் வரும் என்று பேசப்படுகிறது. விபத்து நடந்த மறுநாள் எடுக்கும் மாதிரிக்கு ஒப்பிட, விபத்துக்கு முந்தைய மாதிரி வேண்டும். அது இன்று மட்டுமே எடுக்கக் கூடியது.

முன் தரவு இருந்தால் மீட்சியையும் நிறுவலாம். அமெரிக்காவின் பியூஜெற் சவுண்டில், மரத்தைக் காக்கும் தார் எண்ணெயான கிரியோசோற்றை மரத்துக்கு ஏற்றிய ஆலையால் மாசடைந்த ஈகிள் துறையின் சேற்றை 1990களில் தூய மணலால் மூடினார்கள். மூடும் முன்னரே அங்கிருந்த தட்டைமீன்களின் ஈரலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வைத்திருந்தபடியால், மூடிய பின்னர் ஈரல் புண்கள் குறைந்துவந்ததை எண்களால் காட்ட முடிந்தது.

2024 யூன் 2

மூதூர் ஐயா, நுண்கரு முறைக்கு மட்டும் சம்மதம் என்றும் செலவைச் சொல்லும்படியும் எழுதியிருக்கிறார். நன்றி ஐயா. மெதனோல், கீம்சா, வழுக்கிகள், வழுக்கிப் பெட்டி, எண்ணெய் வில்லையுள்ள நுணுக்குக்காட்டி ஆகியவை போதும். கடைசியாகச் சொன்னது பல உயர்தரப் பாடசாலைகளில் இருக்கிறது. சாயமிட்டு உலர்ந்த வழுக்கியை ஈரமும் பூஞ்சணமும் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் கழித்தும் எண்ணலாம். உறைகுளிர்ப் பெட்டி வேண்டாம், மின்தடையும் அதைப் பாதிக்காது. ஆகவே இப்போதே எல்லாவற்றையும் எண்ணி முடிக்க வேண்டிய அவசரம் இல்லை. எடுத்து, இடம், நாள், இனம், நீளம், நீரின் வெப்பம், உப்புத்தன்மை ஆகியவற்றை எழுதி வைத்தால், எண்ணுவதைப் பின்னர் பயின்ற கைகள் செய்யும்.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒரு சுற்றும், வெள்ளம் வடிந்த பின் ஒரு சுற்றும் எடுக்க வேண்டும். கிண்ணியாத் துறையில் மணலையை உயிரோடு தரச் சம்மதித்த மீனவர் இருவர் இருக்கிறார்கள். குருதி எடுத்ததும் மீனை அவர்களிடமே திருப்பிக் கொடுப்போம். உப்புவெளிப் பக்கத்தில் அத்தகைய ஒருவரையும், மூதூரில் வழுக்கிப் பெட்டியை உலர்ந்த அலுமாரியில் வைத்திருக்கக் கூடிய ஒரு பாடசாலையையும் அறிந்தவர்கள் இங்கே எழுதவும்.